மறந்ததற்குக் கைதட்டல்

பிளாஸ்டிக்குக்குப் பாடம் நடத்தும் மனைவி உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு.

போன புதன்கிழமை எஸ்தரின் ஆராய்ச்சியைப் பார்க்க ஒரு கமிட்டி வந்தது. அவர்கள் தலையாட்டினால்தான் புராஜெக்ட் தொடரும். இல்லாவிட்டால் நாலு வருட உழைப்புக்கு மூடுவிழா.

விஷயம் இதுதான். மூளையில் இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். பழகப் பழக அந்த இணைப்பு வலுக்கும். நாம் எதையும் கற்றுக்கொள்வது அப்படித்தான். எஸ்தரின் பாலிமர் படலமும் — அதாவது மெல்லிய பிளாஸ்டிக் — அதையே செய்கிறது. சிவப்பு பட்டனை அழுத்தினால் பல்பு எரியும். நீலத்துக்கு எரியாது. இரண்டையும் சேர்த்துச் சில தடவை அழுத்தினால், 'ஓகோ, இவர்கள் ஜோடி' என்று பிளாஸ்டிக் புரிந்துகொள்ளும். அப்புறம் நீலத்துக்கும் எரியும்!

ஊரப்பாக்கத்திலிருந்து திருவிடந்தைப் பக்கமுள்ள லேபுக்கு எங்களை அழைத்துப்போனவன் அவள் தம்பி ஸ்டீபன். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். கமிட்டியை வரவேற்க எஸ்தர் வாசலுக்குப் போன நேரம்...

"இன்னா மாமா, ரெண்டு சுச்சு, ஒரு பல்பு... இதுக்கா அக்கா இத்தினி வருசமா பேஜாராயிக்கினு கீது?"

கேட்டபடியே இரண்டு பட்டன்களையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். நான் "டேய்!" என்பதற்குள் கமிட்டி உள்ளே வந்துவிட்டது.

"முதல்ல நீலம். எரியாது பாருங்க சார்" என்று எஸ்தர் அழுத்தினாள்.

பளிச்!

அவள் முகத்தில் மட்டும் பவர் கட். கமிட்டித் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதுக்கு ஏற்கெனவே தெரியுமாம்மா?"

"நான்தான் சார் சொல்லிக் குட்த்தேன்" என்றான் ஸ்டீபன், பெருமையாக.

எஸ்தர் சுதாரித்தாள். "சும்மா விட்டா மறந்துடும் சார். அதுக்குள்ள ஒரு டீ?"

ஒரு துண்டு பிளாஸ்டிக் மறப்பதற்காக, பெரிய பெரிய புரொபசர்கள் டீயை உறிஞ்சியபடி காத்திருந்தார்கள்.

மறுபடி நீலம். எஸ்தர் அழுத்தினாள்.

எரியவில்லை!

அறையில் கைதட்டல். எரியாத பல்புக்குக் கைதட்டி அன்றுதான் பார்த்தேன். பிறகு முறையாகப் பாடம் நடத்தி எரியவும் வைத்தாள்.

"கத்துக்கிற மெஷின் நிறையப் பாத்தாச்சு. இது தானா மறக்குது பாருங்க... அதாம்மா மூளை!" என்றார் தலைவர்.

திரும்பும் வழியிலேயே எஸ்.எம்.எஸ். வந்தது. புராஜெக்ட் தொடர்கிறது.

"எல்லாம் என்னாலதான்க்கா!" ஸ்டீபன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"பிளாஸ்டிக் மறந்துடுச்சு ஸ்டீபா" என்றாள் எஸ்தர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நான் மறக்கல."

அக்காக்களை யாரும் பாலிமரில் செய்வதில்லை.