தறி நின்ற மதியம்

கருமத்தம்பட்டியில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு அனுமதி தருமுன் வீட்டைச் சோதிக்க ஓர் அதிகாரியம்மா வருவதாக இருந்தது. ஒரு வாரமாகக் கழுவித் துடைத்தேன். பினாயில் பாட்டிலை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். ஆனால் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தை என்ன செய்வது? அதைக் குறையாக எழுதிவிடுவாரோ என்று பயந்து, அவர் வரும் நேரத்துக்குத் தறியை நிறுத்தச் சொன்னேன்.

தறி நின்றதும், மதியத் தூக்கத்தில் இருந்த குழந்தைகள் அத்தனை பேரும் எழுந்து அலறினார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரியம்மா வந்தார். ஒல்லியான உருவம், வெயிலில் கறுத்த முகம். வாசலில் சிதறிக் கிடந்த குட்டிச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க அம்மணி, எப்பவும் இப்படித்தான் அழுவாங்களா?"

"இல்லீங்க மேடம். தறிச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவாங்க. நீங்க வாரீங்கன்னு நிறுத்தச் சொல்லிப்போட்டேனுங்க."

"மொதல்ல ஓட்டச் சொல்லுங்க."

தறி ஓடியது. குழந்தைகள் ஒவ்வொருவராகக் கண்ணயர்ந்தார்கள். அவர் அடுப்படி, கழிவறை, கேட் கொக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. அனுமதி வந்துருமுங்க" என்றார்.

காபி போட்டு எடுத்து வந்தால், குழந்தைகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்திலேயே வளராத யாருக்கும் அங்கே தூக்கம் வராது. அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காபியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா, இப்பத்திக்குத் தறிய நிறுத்திப்போடாதீங்க. ஆபீசரம்மா தூங்கறாங்க."