வாரேன் என்றுதான் சொன்னேன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன், பூஜை அலமாரியில் முருகன் படம் கண்ணில் படும், மூடி வைத்துவிடுவேன். பிறகு தோன்றியது, அவரே ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறி நின்றவர்தானே. என் கோபத்தையும் பொறுத்துக்கொள்வார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தப்பிருந்தால் இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லை ஒட்டிய ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கனகாம்பரத் தோட்டம். கிணற்று மோட்டார் புகைந்து நின்றால் திண்டுக்கல்லிலிருந்து ஒருவன் வருவான். கருகிய செப்புக்கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் வேலை. என் வயதுதான். வந்த முதல் நாளே, "ஏலே மாப்ளே, அந்த ஸ்பேனரை எடு" என்றான். எங்கள் பக்கம் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் மாப்ளே என்பது வழக்கம். அந்தச் சொல்லுக்குள் எதை ஒளித்து வைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் ஒளித்து வைத்தோம். ஊர் அதைச் சிநேகிதம் என்றது. சிநேகிதம் இல்லை, ஆசை. ஆணுக்கு ஆண்மேல் வந்த ஆசை.

அவனிடம் ஒரு குணம். எதையும் நேராகக் கேட்கமாட்டான். பசித்தால், "உங்க வீட்ல இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்பான். காய்ச்சல் வந்தால், "இன்னைக்கு வெயிலே இல்லேல்ல?" என்பான். நான்தான் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது அது இனித்தது. இப்போது நினைத்தால் எரிகிறது. வாய் எதற்கு இருக்கிறது?

என் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். திண்டுக்கல் சந்தையில் பூவை இறக்கிவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவனிடம் சொன்னேன்.

"எனக்குப் பொண்ணு பாக்குறாக மாப்ளே."

வேண்டாம் என்று சொல்லுடா என்று காத்திருந்தேன். அவன் டீ கிளாஸை உள்ளங்கையில் உருட்டினான். "பூக்காரனுக்குப் பொண்ணு கெடைக்காமயா போகும்?" என்றான். சிரித்தான் வேறு. அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் அவனை அறையலாம்.

அடுத்த வாரம் அதே கடை. "கோயமுத்தூர்ல வேலை கெடைச்சிருக்கு. பெரிய பட்டறை. ரூம் குடுக்குறாக. ரெண்டு பேர் தங்கலாம்."

சொல்லிவிட்டு மறுபடியும் டீ கிளாஸை உருட்டினான்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம காலைல மொத வண்டி. போறேன்."

அடுத்த தெருவுக்குப் போகிறவன்கூட 'போயிட்டு வாரேன்' என்பான். வெறும் 'போறேன்' எங்கள் வாயில் வராது, அது திரும்பாதவன் பேச்சு. அந்தச் சொல் என்னைச் சுட்டது. அந்த நிமிஷத்தில் தோட்டத்தை விட்டேன், அப்பாவை விட்டேன், பார்த்து வைத்திருந்த பெண்ணையும் விட்டேன். "சரி, வாரேன்" என்றேன். ஆத்தூர் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. காலிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல்யாணம் நிச்சயமானவன் மாதிரி ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பழனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணிப்பையோடு பஸ் நிலையத்தில் நின்றேன். முதல் வண்டி போனது. அடுத்ததும் போனது. வெயில் ஏறியது. அவன் வேலைபார்த்த பட்டறை பூட்டிக் கிடந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டேன்.

"அவனா? நேத்து சாயங்காலமே கெளம்பிட்டானே அப்பு. இனி இங்க எனக்கு என்ன கெடக்குன்னான்."

கோயமுத்தூரில் எந்தப் பட்டறை என்றும் தெரியாது. வீட்டுக்கும் திரும்ப முடியாது, பழனி என்று சொல்லியாயிற்று. நிஜமாகவே பழனிக்கு வண்டி ஏறி, கோபத்தில் மொட்டையும் போட்டுக்கொண்டேன். தலையில் சந்தனத்தோடு வந்து நின்றவனைப் பார்த்து அம்மா அழுதாள். "கல்யாணம் நல்லபடியா அமையணும்னு எம்புள்ள வேண்டிக்கிட்டு வந்திருக்கான்!" சேதி பெண் வீட்டுக்கும் போனது. இம்புட்டு பக்தியான மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று, முடி வளர்வதற்குள் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். என் மனைவியைக் குறை சொல்லமாட்டேன். அவள் கைச்சோற்றில்தான் உயிரோடு இருக்கிறேன்.

சில வருஷம் கழித்து, தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தேன். மாலை போட்டவன் யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கோபப்படக் கூடாது. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மோர்ப்பந்தல். "குடிங்க சாமி" என்று செம்பை நீட்டிய குரல் அவனுடையது. கொஞ்சம் தொப்பை. மாமனார் ஊராம் அது. பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"நல்லா இருக்கீங்களா சாமி?"

"இருக்கேன் சாமி. அன்னைக்கு ஏன் சாமி நிக்கல?"

"என்னைக்குங்க சாமி?"

"ஞாயித்துக்கெழம. மொத வண்டி."

செம்பைக் கீழே வைத்தான். "நீங்கதான் வாரேன்னு சொல்லிப்போட்டு ஓடிட்டீங்களே."

"வாரேன்னா வாரேன்னுதான் சாமி அர்த்தம்!"

"கெளம்புறவன் எல்லாருந்தான் வாரேன்னு சொல்றான். அவ்வளவுதான், விடை வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஞாயித்துக்கெழம வரைக்கும் யாருக்காக இருக்கோணும்?"

"ஏலே!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற சாமிகளெல்லாம் திரும்பினார்கள். "உங்கூட வாரேன்னுதான்டா சொன்னேன்!"

அவன் முகம் வெளுத்தது. அந்த ஊர்ப் பேச்சு அவனைவிட்டு ஓடிப்போனது. "அந்த 'உங்கூட'வைச் சேத்துச் சொல்றதுக்கு என்ன மாப்ளே?"

"நீ 'வா'ன்னு கேட்டியாடா?"

"ரெண்டு பேர் தங்கலாம்னு சொன்னேனே!"

எங்கள் குருசாமி குறுக்கே வந்தார். "மாலையைப் போட்டுக்கிட்டு என்ன சாமி சண்டை? மோர் புளிக்குதாக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவன் மறுபடியும் செம்பை நிறைத்து நீட்டினான். நான் வாங்கவில்லை. "போறேன்" என்றேன். வாரேன் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது புரிந்தது. இந்தத் தடவை மட்டும் நன்றாகப் புரிந்தது.

மலையேறி சந்நிதியில் நின்று கேட்டேன், நீ கோபித்துக்கொண்டு வந்தபோது பின்னாலேயே வந்து கூப்பிட அம்மையும் அப்பனும் இருந்தார்கள், எனக்கு யார் இருந்தார்? கோபம் இன்னும் தீரவில்லை. தினமும் விளக்கேற்றுகிறேன், கோபத்தோடுதான் ஏற்றுகிறேன்.

படித்தவர்கள் இதை இன்னொருவருக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டு டீ கிளாஸை உருட்டுகிறவன் எவனாவது இருந்தால் அவனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும். அவனை அவளாக்கிவிடாதீர்கள். கடைசியில் எங்களைச் சமாதானம் செய்துவைக்காதீர்கள். நான் எழுதிய 'வாரேன்' என்பதை 'வருகிறேன்' என்று திருத்தவும் வேண்டாம். 'உன்கூட' என்று பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கவும் வேண்டாம். சேர்க்க வேண்டிய நேரத்தில் அதை யாரும் சேர்க்கவில்லை.