இரும்புத்தூளும் எட்டுத் தறிகளும்

நகரியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள் ஷிஃப்ட் மாற்றி இரவும் பகலும் ஓடுகின்றன. முப்பத்தொரு வருடப் பழக்கம். அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை.

பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, கம்பியில்லாத் தந்தி தொடங்கிய காலத்துக் கருவி ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. வால்வு கூட வராத காலம் அது. கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூளைப் போட்டு வைப்பார்கள். எட்டத்தில் மின்பொறி பறந்தால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும், மணி அடிக்கும். குழாயைத் தட்டினால் தூள் உதிர்ந்து மணி நின்றுவிடும். லேத் பட்டறையில் தூள் வாங்கினேன். இரண்டு பேட்டரி, மணிக்கு மின்சாரம் திறந்துவிட ஒரு ரிலே, ஜன்னல் கம்பியில் ஒரு மணி. மின்பொறிக்கு என் மனைவியின் கேஸ் லைட்டர்.

ஒரு நாளைக்கு ஆறு முறை அடுப்புப் பற்றவைக்கிறாள். பத்தொன்பது நாள், நூற்றுப் பதினான்கு முறை. மணி ஒரு தடவையும் அடிக்கவில்லை. தூளை நான்கு முறை மாற்றினேன். பேட்டரி கசிந்துவிடுமோ என்று வேறு கவலை.

"நாளைக்கு ஒரு நாள்தான் டைம்," என்றாள். "அப்பால மேசை என் தையல் மிஷினுக்கு. இந்தக் குப்பை பழைய இரும்புக்காரனுக்கு."

மறுநாள் காலையில் மூன்று முறை பற்றவைத்தாள். ஒன்றும் இல்லை. மதியம் மூன்றே காலுக்குக் கரெண்ட் போனது; அந்த இருபது நாளில் அதுதான் முதல் தடவை. டீ போட எழுந்தாள். லைட்டர் 'டிக்' என்றது. ஜன்னலில் மணி அலறியது.

"ஏங்க, அடிச்சிக்கினே கீது! நிறுத்துங்க!"

"இருடி, எவ்ளோ நேரம்னு பாத்துக்கினு கீறேன்!"

"காது கிழியுது, இவருக்குக் கணக்கு!"

குழாயைத் தொட எனக்கு மனம் வரவில்லை. டீ வந்து மேசைமேல் உட்கார்ந்தது. பதினோராவது நிமிடம் கரெண்ட் வந்தது. பக்கத்தில் தறிகள் கிளம்பின. மணி தானாக நின்றது.

குழாய்ப் பக்கம் குனிந்தேன். மறுபடி கெட்டுவிட்டதா?

அவள் என் டம்ளரைக் காட்டினாள். "டீயைப் பாருங்க." டீயில் சின்னச் சின்ன வளையங்கள். மேசை நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக எட்டுத் தறிகளும் என் குழாயை விடாமல் தட்டிக்கொண்டிருந்திருக்கின்றன!

மேசையில் கை வைத்துப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இந்த ஆட்டத்துல ஊசியில நூல் கோக்க முடியுமா? நீங்களே வெச்சிக்கோங்க."

இப்போது கரெண்ட் போனால் தெருவே திட்டுகிறது. நாங்கள் டீ போடுகிறோம்.