புகை வாசம் ஏறாத ஏலக்காய்

போன வாரம் எங்கள் வீட்டில் பாயசம். சக்குபள்ளத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் ஏலக்காய் கொடுத்திருந்தார். ஸ்கூட்டர் பெட்டிக்குள் வண்டி துடைக்கும் எண்ணெய்த் துணியோடு சேர்த்துக் கொண்டுவந்தார் போலிருக்கிறது. ஏலக்காயின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோரும் டம்ளரைத் தள்ளி வைத்தார்கள். நான் மட்டும் இரண்டு டம்ளர் குடித்தேன். மகள் பயந்துபோய்ப் பார்த்தாள். இந்த வாசனையில் எனக்கு ஒரு படகு தெரிகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதுவும் அஞ்சாம் வகுப்பு எழுத்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் பின்பாதி. அணையில் தண்ணீர் ஏறி, ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பாதை முழுகிவிட்டது. தோட்டத்து முதலாளிகள் ஒரு படகு வாங்கினார்கள். இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதை ஓட்டியவர் ரத்தினம் அண்ணாச்சி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மனைவி வேலம்மாள் தோட்டத்தில் காய் எடுப்பவர். இருவருக்கும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் குடித்தனம். நான் குமுளியில் ஒரு பட்டறையில் மெக்கானிக். என்ஜின் கெட்டால் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

ஒரு தடவை நான் போனபோது கைப்பிடி பாதிச் சுற்றில் கல்லில் இடித்ததுபோல நின்றது. அழுத்திச் சுற்றியிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்திருக்கும். வால்வைத் தூக்கிவிட்டு மெல்லச் சுற்றினேன். சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால், கறுப்பாக இருக்க வேண்டியது பால் அதிகமாகிவிட்ட டீ மாதிரி இருந்தது.

தண்ணீரும் எண்ணெயும் கலந்தால் எங்கள் தொழிலில் முதல் சந்தேகம் என்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டின் மேல்தான். தலைப்பாகத்தைக் கழற்றினேன். கேஸ்கட் நன்றாக இருந்தது. விரிசல் இருக்குமோ என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியைத் தூவிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் பொடியில் கறுப்பாகக் கோடு விழும். விழவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, புது எண்ணெய் ஊற்றிச் சாயங்காலம் வரை ஓட்டினோம். தங்கமாக ஓடியது. மறுநாள் விடிந்ததும் அக்கரைக்குப் போக வேண்டிய மூட்டைகளை ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போனோம்.

காலையில் கைப்பிடி மறுபடியும் பாதியில் நின்றது. மறுபடியும் அதே பால் டீ.

சூப்பர்வைசர் பொன்னையா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம்தான் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் நடந்திருந்தது. கோஷம் போட்டவர்களில் முன்வரிசை ரத்தினம் அண்ணாச்சி. என்ஜின் அறைச் சாவி இருந்ததும் அவரிடம் மட்டும்தான்.

"சாயங்காலம் ஓடுது, விடிஞ்சா தண்ணி. ராத்திரி என்ஜினுக்குத் தாகம் எடுக்குமோ வே?" என்றார் பொன்னையா.

"நான் ஊத்துனா எண்ணெயிலதான ஊத்த முடியும்? சிலிண்டருக்குள்ள எப்படிப் போவும்? நீங்களே சொல்லுங்க" என்றார் ரத்தினம் அண்ணாச்சி.

"அத ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. பக்கத்து எஸ்டேட் படகுல ஏட்டு வாராரு. வரும்போது அவரு, போகும்போது நீ."

மூட்டைகளை இறக்கிக் கொடுத்தால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அதை மட்டும் செய்தார்கள். வேலம்மாள் அக்கா கஞ்சித் தூக்கோடு கரையில் வந்து நின்றார். "தம்பி, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஜெயிலுக்குப் போனா லயத்தையும் காலி பண்ணச் சொல்லிருவாவளே." எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் ஊற்றியிருக்க மாட்டார் என்று மனசு சொன்னது. கையில் இருந்த ஸ்பேனர் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பார்த்துக்கொண்டு வேலை செய்தேன்.

இந்த இடத்தில் அந்தப் படகின் புகைக்குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு அது கூரை வழியாக மேலே போனது. அடிக்கிற காற்றில் புகை மூட்டைகளில் படியும். கம்பத்து வியாபாரி ஒருவர் காயை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் பொன்னையா வெல்டரை வரவழைத்து, குழாயைக் கீழே வளைத்து, படகின் பின்புறம் தண்ணீருக்கு நாலு விரல் மேலே வாய் இருக்கும்படி வைத்தார். புகை தண்ணீரோடு போய்விடும், காய் மணக்கும். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்தக் குழாயின் உள்முனையை என்ஜினிலிருந்து நான் கழற்றிய நேரம், ஏரியில் தூரத்தில் இன்னொரு படகுச் சத்தம் கேட்டது. ரத்தினம் அண்ணாச்சி என் எதிரே குந்தியிருந்தார். சத்தம் பெரிதாகப் பெரிதாக அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பொன்னையாவுக்கு அவசரம். வருகிற படகில் கட்டி இழுத்துக்கொண்டாவது மூட்டைகள் அக்கரை சேர வேண்டும். "ஏத்துங்கலே!" என்று கத்தினார். சுமட்டுக்காரர்கள் வழக்கம்போலப் பின்பக்கமாக அடுக்க ஆரம்பித்தார்கள். படகு பின்னால் அமுங்கியது.

கழற்றிய அந்த உள்முனையிலிருந்து முதலில் ஒரு கறுப்பு ஒழுக்கு. பிறகு கை பருமனுக்குத் தண்ணீர்.

"ஏலக்கா நனையுது! ஏலக்கா!" என்று பொன்னையா அலறினார். ரத்தினம் அண்ணாச்சி துண்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேலே நின்ற சுமட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யூனியங்காரன் ஏரியவே தூக்கி உள்ள ஊத்திட்டாம்லே!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் குழாயின் மேல் இருந்தது. ஓடும்போது புகை தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. பாரம் ஏற்றி நிறுத்தினால் வாய் முங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்து, அங்கிருந்து எண்ணெய்க்கு இறங்கியிருக்கிறது. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எறக்குங்க" என்றார் பொன்னையா. இறக்கிய பிறகு, துண்டை எடுத்தும் தண்ணீர் வரவில்லை. "திரும்ப ஏத்துங்க." மறுபடி வந்தது. அவருக்கு இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்திருக்கும். அதற்குள் அந்தப் படகு துறையில் முட்டியது.

ஏட்டு இறங்கினார். "ஆளெவிடெ?" ஆள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

பொன்னையா ரத்தினம் அண்ணாச்சியைப் பார்த்தார். முழங்கை வரை கரியோடு அவர் இன்னும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்தேன்.

"ஆளில்ல சார். பைப்பு" என்றார் பொன்னையா. "நான்தான் வைக்கச் சொன்னேன்."

ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. பால் இல்லாத கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனார். பொன்னையா ரத்தினம் அண்ணாச்சியிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. குழாயை மறுபடி கூரைக்கே ஏற்றினோம். வேலையும் லயமும் தப்பின.

பிறகு மலையைச் சுற்றி ரோடு வந்தது, பஸ் வந்தது. தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியது. படகு இரும்புக் கடைக்குப் போனது. துறை இருந்த இடத்தை இப்போது என்னாலேயே காட்ட முடியாது. ஆனால் ரோடு வரும்வரை அந்தப் படகை அவர்தான் ஓட்டினார். காலையில் எண்ணெய் ஊற்றும் முன் கரையில் யார் நின்றாலும் கூப்பிடுவார். "இங்க பாரு தாயி, எண்ணெதான் ஊத்துதேன்." சாட்சிக்கு ஆள் கிடைக்காவிட்டால், வரும்வரை காத்திருப்பார். சிலர் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

கடைசியாக நான் போன நாளில் கரையில் வேறு யாரும் இல்லை. டின்னைத் திறந்து என்னைப் பார்த்தார். "வாங்க தம்பி, பாத்துக்கிடுங்க."

"நானுமா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் டின்னைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் போய்க் குனிந்து பார்த்தேன்.