ஆயில் போட்ட கிரேன்

மகள் பிளாஸ்டிக் துண்டுகளைப் பூட்டி ஒரு கிரேன் செய்திருக்கிறாள். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் கிரீச்சென்கிறது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

தொண்ணூறுகளில் என்னிடமும் ஒரு கிரேன் இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா தீபாவளி போனஸில் வாங்கித் தந்த பிளாஸ்டிக் செட். ஒரு வாரம் உட்கார்ந்து பூட்டினேன். தீப்பெட்டியைத் தூக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வேலைக்குப் போயிருக்க வேண்டிய அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீடெல்லாம் மில் ஆயில் வாசம். கிரேனை மடியில் வைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கேனிலிருந்து ஆயில் விட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் வந்துச்சு அம்மணி. ஆயில் உட்டுப்போட்டேன், இனி நல்லா ஓடும்."

நான் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. இறுக்கத்தில் நிற்கிற பிளாஸ்டிக்குக்கு ஆயில் ஆகாது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு மெஷினைப் பத்தி என்னங்கப்பா தெரியும்? இனி எதையும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"சரிங்க அம்மணி" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று காலையில்தான் மில்லை மூடியிருந்தார்கள். மறுநாள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆயில் கேனோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

மில் திறக்கவேயில்லை. அப்பா ஒரு கடையில் மூட்டை தைக்கப் போனார். அம்மாவின் தையல் மெஷின் சிக்கிக்கொண்டால்கூட, "எனக்கென்ன தெரியும், ஆளைக் கூப்பிடு" என்று வெளியே போய்விடுவார்.

அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். சும்மா சொன்னேனுங்கப்பா என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

மகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.