சுகந்தியின் பெட்டியில் இருந்த எலும்புகள்

சபையாருக்கு என் தோத்திரங்கள். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 1991-ஆம் வருஷம் என் மகள் சுகந்தி டாக்டர் படிப்பில் பரிசு வாங்கினாள். அதை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அந்தப் படிப்பை நான் என் கையாலேயே கெடுக்கப் பார்த்தேன். என் முகத்துக்காக அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் அவளைப் பெற்றேன். அவள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் பக்கம் நாற்று நட்டு, களை பறித்துப் படிக்க வைத்தேன். பட்டணத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. எங்களைப் போன்ற வீட்டுப் பெண்ணை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் துணியை முகர்ந்து பார்ப்பேன். கண்ணை எரிக்கிற ஒரு வாசனை அடிக்கும். கேட்டால், "அது காலேஜி வாசனம்மா" என்பாள்.

ஆடி மாதம் பரீட்சைக்குப் படிக்க வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு தகரப் பெட்டி. பூட்டியிருந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

"இன்னாடி கீது உள்ள?"

"பொஸ்தகம்தாம்மா. தொடாத, பயந்துக்குவ."

புஸ்தகத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? விடியும்போதே கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே லொடக் லொடக்கென்று சத்தம் வரும். ஒரே சொல்லை இருபது தடவை முணுமுணுப்பாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன். அது இங்கிலீஷ் இல்லை. ரேடியோவில் இங்கிலீஷ் கேட்டிருக்கிறேன்.

ஒரு காலையில் நோட்டு வாங்க ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினாள். குளிக்கும்போது கழற்றிய சாவி ஆணியிலேயே தொங்கியது. திறந்தேன். துணிக்கு அடியில் மனுஷ மண்டை ஓடு. கை எலும்பு, கால் எலும்பு. அவற்றின் மேல் சிவப்பிலும் நீலத்திலும் கோடுகள்.

நான் கத்தின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு எல்லம்மா ஓடி வந்தாள். "யக்கா, கோடு வேற போட்டுக்கீது. இது சூனியம்தான். உம் பொண்ண எவனோ மந்திரவாதி மடக்கிக்கினான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த முணுமுணுப்பு மந்திரமேதான் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் சபை உபதேசியாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ. வெளிய வீசக் கூடாது. அடக்கம் பண்ணிடலாம்" என்றார். கல்லறைத் தோட்டத்து மூலையில் குழி தோண்டினோம். என் வெள்ளைப் புடவையில் சுற்றி, ஜெபம் சொல்லி மூடினோம்.

மத்தியானம் சுகந்தி வந்தாள். காலிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். புதைத்ததைச் சொன்னேன்.

"அத்த வச்சிக்கினுதாம்மா எல்லாரும் படிக்கிறாங்க. மேல் வகுப்பு அக்கா எரவல் குட்த்தாங்க. எந்த சதை எங்க ஒட்டிக்கினு கீதுன்னு தெரியறதுக்குத்தான் கோடு. பதினோரு நாள்ல பரீட்ச. எலும்ப கைல குடுத்து கேப்பாங்க. நான் இன்னாத்த வச்சி படிப்பேன்? இதுல தவறினா ஆறு மாசம் பின்னாடி போய்டுவேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஊரே கல்லறை வாசலில் நின்றது. "பொதச்சத எடுத்தா ஊருக்கு ஆவாது" என்றார்கள். உபதேசியாரும் கூடாதென்று தலையை ஆட்டிவிட, வெறுங்கையோடு திரும்பினாள்.

அன்று சாயங்காலம் முழங்காலில் நின்றேன். அப்போதும் அவள் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. "ஆண்டவரே, அவ சொல்றது நெசமான்னு எனக்குத் தெரியல. நெசம்னா, நான் கெடுத்தத நீர்தான் சரி பண்ணணும்." இவ்வளவுதான் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அவள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒல்லி உடம்பு. தோளும் முதுகும் எலும்பாகத் தெரியும். சுகந்தி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"இன்னாடி அப்பிடி பாக்கற?"

"அசையாதம்மா."

கிட்ட வந்து என் தோள்பட்டையைத் தடவினாள். பிறகு முழங்கை, மணிக்கட்டு. கையைத் திருப்பு, மடக்கு, நீட்டு என்றாள். எனக்குக் கூசியது. இதுவும் மந்திரவாதி சொல்லிக் கொடுத்ததோ என்று நினைத்தேன். ஆனால் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சொற்களை இப்போது என் எலும்பின் மேல் விரலை வைத்துச் சொன்னாள். அவை லத்தீன் மொழியில் எலும்புகளின் பெயர்களாம். ஒவ்வொரு சொல்லுக்கும் என் உடம்பில் ஓர் இடம் இருந்தது. என் மகள் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லவேள, நீ சோறு துன்னு சதை போடல" என்று சிரித்தாள்.

அந்த ஒரு வாரம் நான்தான் அவளுக்குப் பாடம். வெட்கத்தை விட்டு உட்கார்ந்தேன். பரீட்சையில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் எலும்பைக் கையில் கொடுத்து, இடதா வலதா என்று கேட்டார்களாம். கண்ணை மூடி என்னை நினைத்துக்கொண்டு பதில் சொன்னாளாம்.

எலும்பு கொடுத்த பெண்ணிடமும் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். புதைத்தது புதைத்ததாகவே இருக்கட்டும் என்றாளாம் அந்தப் பெண். எப்படி அவ்வளவு சுலபமாக விட்டாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.

கார்த்திகையில் கல்லூரி விழா. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த வருஷம் கல்லூரி சாதித்ததையெல்லாம் பெரிய டாக்டர் வாசித்தார். புது வார்டு கட்டியது, எத்தனை பேர் தேறினார்கள், விளையாட்டில் யார் கோப்பை வாங்கினார்கள். பிறகு உடற்கூறு பாடத்தில் முதல் பரிசு என்று சுகந்தி பெயரைச் சொன்னார். வேறு சுகந்தி யாராவது இருப்பாளோ என்றுதான் நான் பார்த்தேன். என் மகள் படியேறினாள்.

இப்போது எதுவானாலும் அவளிடம் நேராகக் கேட்டுவிடுகிறேன். எல்லம்மாவிடமும் நானே போய், அது சூனியம் இல்லை என்றேன். "அப்ப என் முட்டி வலிக்கு இன்னா பண்றதுன்னு கேட்டு சொல்லு யக்கா" என்றாள்.

பெருமக்களே, நான் பெரிய விசுவாசி இல்லை. பாதி சந்தேகத்தோடு கேட்டேன். கர்த்தர் முழுசாகக் கொடுத்தார். என்னைப் போன்றவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். சந்தேகம் தீரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அதையும் சேர்த்தே அவரிடம் கொண்டு போங்கள்.