அடிபட்டதாக ஒன்று

வியாழக்கிழமை சாயங்காலம் பூஜை விளக்குகளைத் தேய்ப்பது தெட்சிணாமூர்த்தியின் வேலை. கொல்லைக் குழாயடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, புளியை வைத்துக் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். மனைவி கல்யாணசுந்தரிக்கு வலது மணிக்கட்டு முறிந்து கூடியதிலிருந்து பிடிமானம் இல்லை. ரிட்டயர் ஆன மனிதர், தானே எடுத்துக்கொண்டார்.

"சாமி இல்லங்கிற மனுசன் தேய்ச்சாத்தான் விளக்கு இப்படிப் பளபளங்குது" என்பாள் கல்யாணசுந்தரி.

"இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் விபூதி கிடையாது."

கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே அவர் காலம் போனது. ஒரு கையால் பிறந்ததையும் மறு கையால் செத்ததையும் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் யோசனை வராது. தபாலில் படித்துத் தத்துவத்தில் எம்.ஏ. வாங்கினார். பதவி உயர்வுக்கு அது உதவவில்லை. 'தத்துவம்' என்ற பட்டப்பெயர்தான் கிடைத்தது. ரிட்டயர் ஆன பிறகு நூலக வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் அடிக்கடி சொல்லுவது ஒன்று உண்டு.

"மதத்துல பதில் முதல்லயே வந்து உக்காந்திருக்கும். தத்துவத்துல கேள்வி மட்டுந்தான் வரும். பதில் வரலன்னாலும் அதுக்காக வெக்கப்படக் கூடாது."

கை தட்டுவார்கள். வட்டத்தின் செயலாளர் குஞ்சிதபாதம் எல்லாருக்கும் முன்னால் தட்டுவார்.

அன்றைக்கும் தேய்த்த விளக்குகளைத் துடைத்துக்கொண்டுபோய் பூஜை அலமாரியில் வைத்தார். வைக்கும்முன் மேல்தட்டில் இருந்த மஞ்சள் துணி முடிச்சை நகர்த்த வேண்டியிருந்தது. உள்ளே காய்ந்த மாங்கொட்டை. மருமகள் கீர்த்திகா வைத்தது. வாராவாரம் அதை அவர்தான் எடுத்து ஓரமாக வைக்கிறார், பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்.

போன வருஷம் ஆனிப் பவுர்ணமி, காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா. சிவன் பிச்சாண்டவராகத் தெருவில் வரும்போது மாடிமாடியாக நின்று மாம்பழத்தை இறைப்பார்கள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். பிடித்ததைச் சாப்பிட்டால் தங்கும் என்பது நம்பிக்கை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்த கீர்த்திகா அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பி.டெக். படித்து மின்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஆனால் சரியாக அன்று காலையில் அவளுக்கு விலக்கு வந்துவிட்டது. புருஷன் அன்பழகனுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட். அத்தை கல்யாணசுந்தரியின் கையில் அப்போது மாவுக்கட்டு.

"மாமா, எனக்காக ஒண்ணு புடிச்சிட்டு வாங்களேன். நீங்க நம்ப வேணாம். சும்மா நின்னாப் போதும்" என்றாள்.

அவர் பஸ் ஏறிப் போனார். நிற்கவும் செய்தார். சப்பரம் தெருமுனை திரும்பியதும் கூட்டம் இரண்டு கையையும் தூக்கியது. அவரும் தூக்கப் போனார். எதிர்மாடியில் கூடையோடு குஞ்சிதபாதம் நின்றுகொண்டிருந்தார். பாதி எழுந்த கை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது. பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்துவிட்டார்.

சந்து முடிகிற இடத்தில் ஹமீது பழக்கடை.

"என்னா சார், திருவிழாவுக்கா? நீங்களா?"

"சும்மா பாக்க வந்தேன். ஒரு மாம்பழம் குடுங்க பாய். கொஞ்சம் அடிபட்டதா."

"ஊரே நல்லதாப் பொறுக்குது, நீங்க அடிபட்டதாக் கேக்குறீங்க. இதுவும் தத்துவமா?" ஹமீது சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். "மேல நின்னு எறியுற பழமும் இங்கேருந்து போனதுதான் சார். கடையில இருந்தாப் பழம், மாடியிலேருந்து விழுந்தாப் பிரசாதம். நடுவுல மாடி உயரந்தான் வித்தியாசம்."

அந்தப் பேச்சை அவர் பஸ்ஸில் வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தார்.

கீர்த்திகா பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பழத்தைப் பார்த்த சந்தோஷத்தில் தன்னை மறந்து கையை நீட்டினாள். அவரும் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"அய்யய்யோ, தட்டுல வாங்கிச் சாமிகிட்ட வைக்கக் கூடாது? தூரமா இருக்கற பொண்ணு கையில குடுப்பாங்களா?" என்று கல்யாணசுந்தரி கத்தினாள்.

"பழத்துக்கு அதெல்லாம் தெரியாதுடி" என்றார் அவர். கீர்த்திகாவின் முகம் வெளுத்துவிட்டதை அவர் பார்க்கவில்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்று வெறும் வயிற்றில் அவள் அந்தப் பழத்தைத் தின்றாள், கொட்டையைக் கழுவி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். ஐப்பசியில் நாள் தள்ளிப் போனது. வீடே சந்தோஷப்பட்டது. தெட்சிணாமூர்த்தியும்தான். 'தற்செயல்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சந்தோஷப்பட்டார். தை பிறப்பதற்குள் கலைந்துவிட்டது. "சில சமயம் இப்படி ஆகும்மா" என்றதோடு டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். இரண்டு பழமும் ஒன்றுதான் என்றால் சொல்ல என்ன இருக்கிறது என்று அடக்கிக்கொண்டார். சொல்ல ஒன்றுமில்லை என்றால் எதற்காக அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று தன்னையே கேட்டார். படித்த படிப்பு அந்த இடத்தில் ஒத்தாசைக்கு வரவில்லை.

அடுப்படியிலிருந்து கல்யாணசுந்தரியின் குரல் கேட்டது. "கீர்த்திகா, பவுர்ணமிக்கு லீவு சொல்லிட்டியா? இந்தத் தடவ நானே கூட வர்றேன்."

"நான் வரல அத்தை." அவள் பூஜை அறைக்குள் விளக்குத் திரியோடு வந்துகொண்டே சொன்னாள்.

"ஏம்மா?" என்று கேட்டது தெட்சிணாமூர்த்தி.

அவள் தரையில் உட்கார்ந்து திரியை உருட்டினாள். "குடுத்ததத் தீட்டோட தொட்டவ மாமா நான். அம்மையாரு குடுத்துப் பாத்தாங்க, எங்கிட்டத் தங்கல. மறுபடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிக்கிறது?"

"தீட்டுங்கறது மனுசன் உண்டாக்குனதும்மா. உடம்புக்கு அது…"

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மாமா. அது ஒங்களுக்கு."

திரி நன்றாகத் திரண்டிருந்தது. அவள் இன்னும் உருட்டிக்கொண்டே இருந்தாள். அவர் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அது ஹமீது பாய் கடையில வாங்குனதும்மா."

"எது?"

"அந்தப் பழம். நான் புடிக்கல. போய் நின்னேன். எதுத்த மாடியில குஞ்சிதபாதம் நின்னுக்கிட்டிருந்தார். அவர் பாக்கக் கையத் தூக்கக் கூச்சமா இருந்துச்சு. கொள்கை எல்லாம் இல்ல, வெறும் கூச்சம். கடையில வாங்கிட்டு வந்து புடிச்சேன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப அது சாமி பழம் இல்ல."

"இல்லம்மா."

"அப்ப நான் தொட்டதுனால ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகல. ஒம்மேல ஒரு தப்பும் கெடையாது. எல்லாம் எம்மேலதான்."

அவள் தோள் மெதுவாக இறங்கியது. விட்டது என்று நினைத்து அவரும் மூச்சு விட்டார்.

"அப்ப ஏன் மாமா தங்கல?"

டாக்டரம்மா சொன்னதை அவளும்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். அவள் கேட்டது அதை இல்லை. ஆறு மாதமாக அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவளையே குத்துகிற பதில்தான், ஆனாலும் கையில் பிடித்துக்கொள்ள இருந்தது. அதை இப்போது அவர் பிடுங்கிக்கொண்டுவிட்டார். வாசகர் வட்டத்தில் சொல்லுகிற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

பதிவு ஜன்னலுக்கு வெளியே சர்டிபிகேட்டுக்கு நிற்கிறவர்களைப் போல அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா, விளக்கேத்தலையா இன்னம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

கீர்த்திகா எழுந்தாள். திரியைக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்தாள். மேல்தட்டிலிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் கையில் மூடிக்கொண்டு, அறையை விட்டுப் போனாள்.